இறுதி மேசையில் கவிழ்ந்து கிடக்கும் இரண்டு தாள்கள்

இரத்மலானையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் எழுபது வயது தாண்டிய ஐயா ஒருவர் இருக்கிறார். ஞாயிறு பின்னேரங்களில் அவரோடு 304 விளையாடுவேன். போன மாதம் நாலாவது கை கிடைக்கவில்லை. மடிக்கணினியில் 2003ஆம் ஆண்டின் போக்கர் உலகத் தொடர் இறுதி மேசையைப் போட்டேன். கட்டுரை ஒன்றுக்காக ஏற்கெனவே தேடி எடுத்து வைத்திருந்தேன். ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

"இது என்ன தம்பி, எல்லாற்ற தாளும் எங்களுக்குத் தெரியுது?"

அவர் கேட்டதில்தான் தொலைக்காட்சிப் போக்கரின் முழுக் கதையும் இருக்கிறது.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரெக்சாஸ் ஹோல்டெம் என்ற இந்த வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள்கள் கவிழ்த்துக் கொடுபடும். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக இன்னொன்று என ஐந்து தாள்கள் திறக்கப்படும். கையிலுள்ள இரண்டையும் பொதுவில் உள்ள ஐந்தையும் சேர்த்து, சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், கூட்டலாம், தாளை எறிந்துவிட்டு விலகலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால் ஒன்றுமில்லாத கையாலும் வெல்லலாம். வெருட்டலுக்கு இடம் வருவது அங்கேதான்.

304 இல் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்று அவருக்கு மட்டுமே தெரியும். ஆனால் வீறுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று ஒவ்வொரு இனத்திலும் 76 புள்ளிகள், நாலு இனத்துக்கும் 304. கணக்கு மூடியிருக்கும், ஆனால் மாறாது. போக்கரில் எண்ணிப் பிடிக்க அப்படி ஒரு கூட்டுத்தொகை கிடையாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு பணம் தள்ளுகிறார், எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இந்தத் தொடர் 1970இல் லாஸ் வேகாசில் தொடங்கியது. பிரதான போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டொலர். நீண்ட காலமாக அதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது சலிப்பான வேலை. ஒன்பது பேர் ஒரு மேசையைச் சுற்றி முகத்தை இறுக்கி வைத்திருப்பார்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்பது பார்ப்பவருக்கும் தெரியாது. அதை மாற்றிய கருவி, மேசை விளிம்பில் கவிழ்ந்த தாள்களைப் பார்க்கும் சிறு கமரா. 1999இல் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி இதே எண்ணத்தில், மேசைக்குள் கண்ணாடி பதித்து நிகழ்ச்சி ஒன்றைக் காட்டியது. இன்றைய மேசைகளில் தாள்களுக்குள்ளேயே மின்னணுச் சில்லு இருப்பதால் கமரா கூடத் தேவையில்லை.

அந்தக் கமராவுக்கு 1995இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரென்ஸ்ரீன். போலந்தின் ஹ்ருபியெசோவ் நகரில் 1923இல் பிறந்த யூதர். பெற்றோர் 1942இல் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். அவர் ஐந்து வதைமுகாம்களைக் கடந்து உயிர் தப்பியவர். விஞ்ஞானிகளும் கணித அறிஞர்களும் பெயர் பதியலாம் என்று முகாமில் அறிவித்தபோது, அவரும் சகோதரர்களும் விஞ்ஞானிகள் என்று சொல்லிப் பதிந்தார்கள். அவர்கள் அப்படி எதுவும் இல்லை. அந்தப் பொய் பிடிபட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். போருக்குப் பிறகு அமெரிக்கா போய் விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் ஆனார். டிரான்ஸ்போமர்ஸ் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ நிறுவனம் எடுப்பதற்குக் காரணமானவர்களில் அவர் ஒருவர். 2021 டிசம்பரில் 98 வயதில் காலமானார்.

இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதுதான்," என்றார். "உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு ஒளிச்சுப் பிழைச்சவனுக்குத்தான் அதைப் பாக்கிற யோசனை வரும்."

அவர் 83இல் வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை செய்தவர். ஆடி மாதம் காலி வீதியில் ஒரு கூட்டம் மறித்து, வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டது. அந்தச் சொல்லைத் தமிழ் நாக்கு பிசகாமல் சொல்லாது என்பது அவர்கள் கணக்கு. ஐயா சரியாகச் சொன்னார். அதோடு நில்லாமல், நேரமாகிறது என்று எரிச்சல் காட்டியும் இரண்டு வார்த்தை பேசினாராம். சட்டைப் பைக்குள் இருந்த கை நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை. பிறகு இரத்மலானை விமான நிலையத்து அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. இன்று அதே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். விமானம் இறங்கினால் கதையை நிறுத்திச் சத்தம் போகும்வரை காத்திருப்பார்.

திரையில் அந்த நேரம் எஞ்சியிருந்தவர்கள் இருவர். ஒருவர் சாம் பார்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர். மற்றவர் கிறிஸ் மணிமேக்கர், ரெனசி மாநிலத்துக் கணக்காளர். இணையத்தில் 86 டொலர் கட்டித் தகுதிகாண் போட்டியில் வென்று வந்தவர். குடும்பப் பெயரே அதுதான், யாரும் வைத்த பட்டம் அல்ல. பரிசைப் பங்கிட்டுக்கொள்வோமா என்று மணிமேக்கர் கேட்டிருந்தார். பார்ஹா மறுத்தார். முதற்பரிசு 25 இலட்சம் டொலர், இரண்டாவது 13 இலட்சம்.

பொதுத் தாள்கள் நாலு திறந்தபோது மூன்று ஸ்கோப்பன். மணிமேக்கரிடம் ஸ்கோப்பன் கிங்கும் ஒரு ஏழும். இன்னொரு ஸ்கோப்பன் வந்தால் போதும், ஐந்தோ பத்தோ வந்தால் வரிசை. கடைசித் தாள் ஆட்டின் மூன்று. ஒன்றும் சேரவில்லை. பார்ஹாவிடம் ஒன்பது சோடி இருந்தது. மணிமேக்கர் வைத்திருந்த அத்தனையையும் நடுவே தள்ளினார். பார்ஹா நெடுநேரம் யோசித்தார். ஸ்கோப்பனுக்குக் காத்திருந்து தவறவிட்டாய் என்றுகூட வாய்விட்டுச் சந்தேகப்பட்டார். அது சரிதான். ஆனாலும் தாளை எறிந்தார். சிறிது நேரத்தில் மணிமேக்கர் உலக சம்பியன்.

அந்த ஆண்டு பங்குபற்றியவர்கள் 839 பேர். அடுத்த ஆண்டு 2,576. 2006இல் 8,773. 2025இல் 9,735 பேர். இந்தப் பெருக்கத்துக்கு அந்தக் கமராவும் இணைய ஆட்டமும் முக்கிய காரணங்கள்.

தொலைக்காட்சி காட்டாததையும் சொல்லவேண்டும். இறுதி மேசை பல மணி நேரம் நீளும். அதில் பெரும்பகுதி தாளை எறிவதுதான். ஒருவர் வெளியேறினால் மிச்சமுள்ள எல்லோருடைய பரிசும் ஒரு படி ஏறும் என்பதால் பொறுத்திருப்பதே அநேகமாகப் புத்தி. தொகுப்பாளர் அதையெல்லாம் வெட்டிவிடுகிறார். இரண்டு ஆசு கையில் வருவது 221 தடவைக்கு ஒரு முறை. தொகுத்த நிகழ்ச்சியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வருவதுபோல் இருக்கும். திரையின் ஓரத்தில் வீதக் கணக்கு ஓடுகிறது: இரண்டு குயினுக்கு எதிராக ஆசும் கிங்கும் என்றால் ஏறத்தாழ 57க்கு 43. எதிராளியின் தாள் தெரிந்த நமக்குத்தான் அந்தக் கணக்கு. இருப்பவருக்கு இல்லை. பிரதான போட்டியில் பணம் கிடைப்பதும் சுமார் 15 வீதமானோருக்கே. மற்றவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள்.

வவுனியாவில் எனக்கொரு கூட்டாளி இருக்கிறான். மாணிக்கம் பாமில் ஒரே கூடாரத்தில் இருந்தோம். பற்றைக்குப் பின்னால் இருந்து விடியவிடிய 304 அடித்தோம், தோற்றவனுக்குத் தண்ணீர் வரிசையில் நிற்கும் தண்டனை. கனடாவில் இருக்கும் அக்கா வீடு கட்ட அனுப்பிய காசை அவன் கைபேசிப் பந்தயச் செயலி ஒன்றில் விட்டான். இப்படிப் பார்த்துத்தான் பழகினேன் என்று என்னிடம் சொன்னான். பார்க்கும்போது எல்லாம் தெரிந்ததாம். அத்திவாரத்தோடு அந்த வீடு நிற்கிறது. அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இலங்கையில் கசினோக்கள் 2010இன் சட்டத்தின் கீழ் வந்தன. தமிழ்நாட்டின் 2022 தடைச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் சேர்த்தது செல்லாது, அவை திறமை விளையாட்டுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ என்று பாராமல், முழுவதுமாகத் தடை செய்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் மடிக்கணினியை மூடப் போனேன். ஐயா கையைப் பிடித்தார். அந்த வெருட்டின இடத்துக்குத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். மேசையில் கிடந்த பேப்பரை நாலாக மடித்து, தாளும் வீதமும் தெரியும் திரையின் கீழ்ப்பக்கத்தை மறைத்துப் பிடித்தார்.

"இப்ப போடு," என்றார்.

மணிமேக்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை பார்த்தார்.