லாபு தோட்டக் குடும்பங்களுக்கான கல்வி, வேலைவாய்ப்பு உதவித் திட்டங்கள்

லாபு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு முக்கிம் (மாவட்ட உட்பிரிவு). சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது. முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் இங்கே பெருந்தோட்டப் பயிர்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் வளர்ந்தார்கள். அவர்களின் படிப்புக்கும் பிழைப்புக்கும் காலத்துக்கொரு கை துணை நின்றது: தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கம், கூட்டுறவு, கோயில் மண்டபத்து வகுப்பு, கடைசியாக அரசு. இவற்றில் பெரும்பாலானவை நாடளாவியவை. லாபுவின் கதை அந்தப் பெரிய கதையின் ஒரு பகுதியே.

தோட்டப்பள்ளிகள்

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஒரே ஓர் ஆசிரியரும்தான். கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) பாடம் சொன்னதும் உண்டு. எழுத்தும் கணக்கும் தெரிந்தால் போதும், பிள்ளை பெரியவனானதும் மரங்களில் பால் எடுக்கும் நிரைக்குப் போவான் என்பதே அன்றைய தோட்ட முதலாளிகளின் எண்ணம். ஆயினும் அந்தக் கொட்டகைகளிலிருந்துதான் இன்றைய தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. லாபு தோட்டம் 1-ஆம் பிரிவு, லாபு தோட்டம் 4-ஆம் பிரிவு, கெர்பி தோட்டம் ஆகிய பள்ளிகள் இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. நெகிரி செம்பிலானில் 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாடு முழுவதும் 1957-இல் 888 ஆக இருந்த எண்ணிக்கை இன்று 520-ஐச் சற்றே தாண்டி நிற்கிறது.

தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகளில் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும். கட்டடம் கட்டவோ பெரிதாக்கவோ நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். கூரை ஒழுகினாலும் கணினி அறை வேண்டுமென்றாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும்தான் முதலில் ஓட வேண்டியிருக்கிறது. கூலி வேலை முடிந்து வந்து கூட்டத்தில் உட்கார்ந்த அந்தப் பெற்றோர்களே இப்பகுதியின் மூத்த சமூகத் தொண்டர்கள். வரலாற்று நூல்கள் அவர்களுக்குப் போதிய இடம் தரவில்லை.

மாதம் பத்து வெள்ளி

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. வேலை போனால் லயமும் போகும். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, நாட்கூலியும் இல்லை. பிள்ளையின் பள்ளிச் செலவு மட்டும் மழையைப் பார்த்து நிற்காது. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தினார். கூலி, வீட்டு வசதி ஆகியவற்றுக்காகச் சங்கம் நடத்திய பேச்சுவார்த்தைகள் பிள்ளைகளின் படிப்பையும் மறைமுகமாகத் தாங்கின.

1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். இதற்கு விடையாக அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளி (உள்நாட்டு நாணயம்) மதிப்புள்ள பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளி தன் கூலியிலிருந்தே தோட்டத்துக்குப் பங்காளியான அந்த முயற்சிக்கு ஈடான ஒன்று மலேசியத் தமிழர் வரலாற்றில் அதன் பின் வரவில்லை என்றே சொல்லலாம். உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவியும் இச்சங்கத்தின் பணிகளில் ஒன்றாயிற்று.

பதின்மூன்று வயதில் வரும் பள்ளம்

தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் விழுந்தது ஆறாம் ஆண்டுக்குப் பிறகுதான். தமிழ்ப்பள்ளியில் தாய்மொழியில் படித்த பிள்ளை, மலாய் மொழி வழி நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. மலாயில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுத்தான் முதலாம் படிவம் போக வேண்டும். பள்ளியோ பட்டணத்தில் இருக்கிறது. பேருந்துக் காசு, புத்தகப்பை, வகுப்பில் தெரிந்த முகம் இல்லாத தனிமை எல்லாம் ஒரே ஆண்டில் வந்து சேரும். பாதியில் நின்ற பிள்ளைகளை 'படிப்பு ஏறாதவர்கள்' என்று ஊர் சொன்னது. அது நியாயமான தீர்ப்பு அல்ல.

இந்தப் பள்ளத்தை நிரப்பவே தன்னார்வ வகுப்புகள் வந்தன. 1979-இல் தொடங்கிய இ.டபிள்யூ.ஆர்.எப். என்னும் கல்வி, நல, ஆய்வு அறவாரியம் ஏழை மாணவர்களின் கல்வியை ஆய்வோடு இணைத்துக் கவனித்தது. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையத்தை நிறுவினார். பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் கூடுதல் வகுப்பு எடுத்தார்கள், ஐந்தாம் படிவ இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வு அதன் முக்கிய இலக்கு. நிலையத்தின் பலம் பாடத்தில் மட்டும் இல்லை. தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகம் போன அண்ணன் ஒருவர் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தபோது, தானும் போகலாம் என்று பிள்ளை நம்பியது. பத்துமலைக்குச் செல்லும் கல்வி யாத்திரை இந்நிலையத்தின் அடையாளமாயிற்று.

தொழிற்பயிற்சி

மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி (ம.இ.கா.) 1984-இல் அமைத்த எம்.ஐ.இ.டி. என்னும் கல்வி அமைப்பு கல்விக் கடன் வழங்கியது. அதன் டேஃப் தொழிற்கல்லூரி சிரம்பானில் உள்ளது. தேர்வில் மேலே வராதவர்களுக்கும் கைத்தொழில் உண்டு என்பதை லாபு வட்டாரத்துக்கு வெகு அருகில் காட்டிய இடம் அது. அரசின் கியாட்மாரா தொழிற்பயிற்சி நிலையங்களும் மின்பணி, வாகனப் பழுது, தையல் முதலியவற்றைக் கற்பிக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் படிப்படியாக ஏறி டிப்ளோமா வரை செல்கிறது. பள்ளியை விட்டு விலகிய இளைஞர்களுக்காக 2011-இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், தொழில் கற்பிப்பதோடு நடத்தையையும் தன்னம்பிக்கையையும் மீட்பதைப் பாடமாக வைத்தது.

அடையாள அட்டையும் அரசுத் திட்டங்களும்

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்வதே போராட்டம். குடிமக்களுக்கான நீல நிற அடையாள அட்டை இல்லாத இளைஞனுக்குப் பயிற்சியும் கடனும் எட்டாதவை. தோட்ட வீட்டில் நடந்த பிரசவம், பதியாத திருமணம் என்று காரணங்கள் பல. 2011-இல் நடந்த மைடஃப்தார் இயக்கம் இத்தகையோரைத் தேடிப் பதிந்தது. 2017 ஏப்ரலில் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் ஆவணச் சிக்கலைத் தீர்ப்பதையும், பொதுச்சேவையிலும் அரசு உயர்கல்விக் கூடங்களிலும் இந்தியரின் பங்கை 7 விழுக்காட்டுக்கு உயர்த்துவதையும் குறிக்கோளாக வைத்தது. இந்தியர் மேம்பாட்டுக்கான அரசின் செடிக் பிரிவு 2018-இல் மித்ரா ஆனது. பாலர் பள்ளிக் கட்டணம், உயர்கல்வி உதவி, திறன் பயிற்சி ஆகியவற்றுக்கு மித்ரா நிதி தருகிறது. சிறுதொழில் தொடங்குவோருக்குத் தெக்குன் என்னும் அரசு நிதி அமைப்பின் வழி, இந்தியர்களுக்கான ஸ்பூமி கடன் கிடைக்கிறது.

தோட்டத்துக்குப் பின்

1980-க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் நாடெங்கும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் தோட்டங்களை விட்டு வெளியேறியதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்கள் விட்ட வேலைக்கு இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்தார்கள். லாபுவைச் சுற்றியும் மாற்றம் வந்தது. 1998-இல் அருகிலுள்ள சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. நீலாயில் தொழிற்சாலைகள் பெருகின. லாபுவிலேயே சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் மலிவுக்கட்டண விமான நிலையம் கட்ட ஏர் ஆசியா விமான நிறுவனம் முன்வைத்த திட்டம் 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு அம்மாதமே கைவிடப்பட்டது.

தோட்டத்தில் இருந்தபோது ஒரு பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் மாலைக்குள் ஆசிரியருக்குக் காரணம் தெரிந்துவிடும். அடுக்குமாடி வீடுகளில் சிதறிய குடும்பங்களைத் தேடிப் போக அப்படி ஒரு வழி இல்லை. உதவி பெறுபவர்கள் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்களாகவும், செய்தி எட்டிய இடத்தில் இருப்பவர்களாகவும் அமைந்துவிடுகிறார்கள். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. பதினேழு வயதில் அந்தச் சம்பளத்துக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் பையன், இரண்டாண்டுப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் அந்த இரண்டாண்டு வீட்டுச் செலவுக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும். கட்டணத்தை மட்டும் ஏற்கும் திட்டங்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.