விரல் நுனியும் எதிரொலியும்

குழந்தை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது? பிரசவ வேதனைப்படும் பெண்ணின் அருகே நிற்கும் மருத்துவிச்சியும் வைத்தியரும் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. காத்திருப்பதா, ஆயுதம் கொண்டு எடுப்பதா, வயிற்றைக் கீறுவதா என்பதை இதற்கான விடையே தீர்மானிக்கிறது. விடை பிழைத்தால் அதற்கான விலையைத் தாயும் சேயும் கொடுக்க நேரிடும். நான் மருத்துவம் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. எனினும் இக்கேள்வியின் வரலாறு ஒரு பத்திரிகையாளனுக்கும் உரியதென்றே கருதுகிறேன்.

நெடுங்காலம் விடை சொன்னது விரல். இடுப்பெலும்பின் உட்புறம் இருபக்கமும் துருத்தி நிற்கும் முட்களின் மட்டத்தைப் பூச்சியம் எனக் கொண்டு, குழந்தையின் தலை அதற்கு எத்தனை சென்ரிமீற்றர் மேலே அல்லது கீழே நிற்கிறது என்று தொட்டுச் சொல்வார்கள். அந்த விரலுக்கும் ஒரு கறைபடிந்த வரலாறு உண்டு. பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே தாய்மாரைக் கொன்றன என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் 1847 இல் கண்டறிந்தார். கை கழுவச் சொன்ன அவரைச் சக வைத்தியர்கள் பலர் ஏற்க மறுத்தனர்.

கை சுத்தமான பின்னரும் பிழை நீங்கவில்லை. நெடுநேர வேதனையில் குழந்தையின் தலைத்தோல் வீங்கும், மண்டையோடு நீளும். விரல் அந்த வீக்கத்தைத் தொட்டுவிட்டுத் தலை இறங்கிவிட்டதாக எண்ணிவிடும். 2005 இல் பிரான்சில் செயற்கை மாதிரியுருவைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. தலை நிற்கும் உயரத்தை வகைப்படுத்துவதில் மூன்றிலொரு பங்களவு தீர்ப்புகள் பிழைத்தன. பயிலுநர்களும் அனுபவம் மிக்கோரும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே தவறினர்.

எதிரொலியின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக பிரெஞ்சு அறிஞர் லான்ஜவன் கேளா ஒலியைக் கையாண்டார். பின்னர் தொழிற்சாலைகளில் உலோகத்தின் உள்வெடிப்புகளைக் கண்டுபிடிக்க அது உதவியது. 1955 இல் கிளாஸ்கோப் பேராசிரியர் இயன் டொனால்ட், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃபுரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். கட்டிகளின் எதிரொலியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டும் அங்கே இருந்தது! பொறியியலாளர் ரொம் பிறவுண், வைத்தியர் ஜோன் மக்விக்கர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 இல் 'லான்செட்' இதழில் வெளியானது. கர்ப்பகால ஸ்கான் அதிலிருந்து வளர்ந்தது.

ஆயினும் அக்கருவி பிரசவ அறைக்குள் நுழையப் பல தசாப்தங்கள் பிடித்தன. 2009 இல் பார்பேரா குழுவினர் ஓர் எளிய கோணத்தை முன்வைத்தனர். கருவியை உடலுக்குள் செலுத்தாமல் வெளியே வைத்துப் பார்க்கையில் முன்னிடுப்பெலும்பின் இணைப்பு திரையில் தெரியும். அதன் நீள அச்சில் ஒரு கோடு. அதன் கீழ் விளிம்பிலிருந்து குழந்தையின் மண்டையோட்டைத் தொட்டுச் செல்லும் இன்னொரு கோடு. தலை இறங்க இறங்க இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் விரியும். ஏறத்தாழ 116 பாகை, பழைய பூச்சிய மட்டத்துக்கு நிகரானது. பிரசவம் தடைப்படும்போதும் ஆயுதம் எடுக்கும் முன்னரும் இம்முறை பயன்படும் என மகப்பேற்று ஸ்கான் நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் 2018 இல் வழிகாட்டியது.

இவ்விடத்தில் அவசர வெற்றிப் பிரகடனம் வேண்டாம். அயர்லாந்தில் ஆயுதப் பிரசவத்துக்கு முன் தலை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஸ்கான் மூலம் பார்த்த ஆய்வொன்று 2014 இல் வெளியானது. பிழை 20 வீதத்திலிருந்து 2 வீதத்துக்கும் கீழே இறங்கியது. ஆனால் தாய்க்கும் சேய்க்கும் ஏற்படும் பாதிப்புகள் குறைந்ததாகக் காணப்படவில்லை. துல்லியமாக அறிவது ஒன்று. அறிந்தபின் சரியாகச் செயற்படுவது மற்றொன்று. அந்தச் செயல் இன்றும் மனிதரின் கையிலேயே இருக்கிறது.