மாண்டிசெல்லோவின் பட்டாணிப் பாத்திகள்

வரலாற்று நூல்கள் ஆட்சியாளரின் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைக்கும். அவர்தம் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்ப்பது அரிது. 1801 முதல் 1809 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்றாம் அதிபராக விளங்கிய தாமஸ் ஜெபர்சனின் கொல்லையைக் காணும் வாய்ப்போ நமக்கு உண்டு. 1766ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய தோட்டக் குறிப்பேட்டை அவர் 1824 வரை எழுதி வந்தார். அதில் அடிக்கடி தலைகாட்டும் காய் பட்டாணியாகும்.

1767 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் இரு பாத்திகள் விதைத்தார்; ஒன்றில் முந்திக் காய்ப்பது, மற்றொன்றில் இடைப்பருவத்தது. விதைத்ததோடு அமையாது, 500 விதைகளை எண்ணி நிறுத்து எடையைக் குறித்தார்; ஒரு பைண்ட் அளவைக்குச் சுமார் 2500 விதைகள் கொள்ளும் என்றும் எழுதினார். ஆசிரியப் பணியில் முடி நரைத்த எனக்கு, விடுதலைச் சாற்றுரையை வரைந்த கையைக் காட்டிலும் இந்த விதைகளை எண்ணிய கை நெருக்கமாகத் தோன்றுகிறது. மாணவரை நாம் எண்ணச் சொல்வதும் இதைத்தானே!

பட்டாணி குளிரை விரும்பும் கொடி. வர்ஜீனியாவில் உறைபனி விலகுவதற்கும் கடுங்கோடை புகுவதற்கும் இடையே அதற்குக் கிட்டும் காலம் குறுகியது. வெயில் ஏறிவிட்டால் பூ உதிரும், காய் பிடிக்காது. நம் நாட்டுத் தாழ்நிலத்தில் நாம் பயற்றங்காயோடு நின்றுவிடுவதும் இதனாற்றான். ஆகவே ஒரே வகையை நம்பியிராமல் பல வகைகளைத் தேர்ந்துகொள்வது அங்கே இன்றியமையாததாயிற்று. ஜெபர்சன் ஏறக்குறைய 15 வகைகளைப் பயிரிட்டார். முந்திப் பலன் தருவது ‘பிரேம்’. விரைந்து வளர்வது ‘ஹாட்ஸ்பர்’. பிந்திக் காய்ப்பது பருமணி கொண்ட ‘மாரோபேட்’. இவற்றை இடைவெளி விட்டு விதைத்தமையால் மே நடுவிலிருந்து சூலை நடுவரை அவர் உணவு மேசையில் பச்சைப் பட்டாணி இருந்தது. கருகியவற்றையும் முளைக்காதவற்றையும் அவர் மறைக்கவில்லை. ‘பொய்த்தது’ என்று பலவிடத்தும் எழுதி வைத்தார்.

அண்டை வீட்டாரிடையே ஒரு போட்டியும் இருந்தது. எவர் வீட்டுப் பட்டாணி முதலில் சமையலுக்கு வருகிறதோ, அவர் மற்றவர்க்கு விருந்தளிப்பார். பெரும்பாலும் வென்றவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்னும் நண்பர். ஓராண்டு ஜெபர்சனின் பாத்தியே முந்தியது. வீட்டார் நினைவூட்டியபோது, நண்பர் தாம் என்றும் தோற்பதில்லை என்று எண்ணி மகிழட்டும் எனக் கூறி, அவர் அதை வெளியிடாதிருந்தாராம். பேரர் வாயிலாக நமக்குக் கிடைத்த செய்தி இது. பண்பட்ட உள்ளந்தான், ஐயமில்லை.

எனினும் அந்தப் பாத்திகளை வெட்டியவர் யார்? மாண்டிசெல்லோ மலைச்சரிவைக் குடைந்து, கற்சுவர் எழுப்பி அமைத்த காய்கறித் தோட்டத்தின் நீளம் 1000 அடி. அகலம் 80 அடி. மண் சுமந்தோர், பிறரிடமிருந்து வாடகைக்குப் பெற்ற அடிமைகள். ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேற்பட்டோரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். குறிப்பேட்டில் விதையின் பெயர் வந்த அளவுக்கு விதைத்தவரின் பெயர் வரவில்லை. நண்பரின் மனம் நோகலாகாது என்று எண்ணியவர் இதை எங்ஙனம் எண்ணாதிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெயர் தெரிந்த ஒருவர் வார்ம்லி ஹியூஸ். அடிமையாகப் பிறந்து அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர். 1826 சூலை 4ஆம் நாள் ஜெபர்சன் மறைந்தபோது புதைகுழியைத் தோண்டியவரும் அவரே. பின்னர் அவர் முறையான ஆவணமின்றி விடுவிக்கப்பட்டார். ஆனால் கடனில் மூழ்கிய அந்தக் குடும்பம் 1827 சனவரியில் 130 அடிமைகளை ஏலத்திற்கு அறிவித்தது. ஹியூஸின் மனைவி அர்சுலாவும் பிள்ளைகள் சிலரும் அவ்வேலத்தில் விலைபோயினர்.