ஈலன் - கோமாளிக்குக் கனம் கூடிய வரலாறு

கதையில் காமெடிக்கென்று ஒரு ஆள் இருப்பான். ஹீரோ சண்டை போடுவான், வில்லன் மிரட்டுவான், நடுவில் இவன் வந்து வழுக்கி விழுவான். வாசகர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அத்தோடு அவன் வேலை முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு ஆளை எடுத்து, பத்து வருடம் பொறுமையாக வளர்த்த இணையச் சித்திரத்தொடர் ஒன்று உண்டு. அதன் பெயர் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'.

(எச்சரிக்கை: கதையின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன. படிக்கப் போகிறவர்கள் முதலில் படித்துவிட்டு வரலாம்!)

இதை வரைபவர் ரிச் பர்லூ என்ற அமெரிக்கர். 2002-ல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்குப் புதிய கற்பனை உலகம் ஒன்று வேண்டும் என்று போட்டி வைத்தது. கடைசிச் சுற்றுக்கு வந்த 3 பேரில் பர்லூவும் ஒருவர். ஆனால் வென்றது கீத் பேக்கரின் 'எபரான்'. அடுத்த வருடம், 2003 செப்டம்பரில், பர்லூ தன் சொந்தத் தளத்தில் குச்சி மனிதர்களை வரைய ஆரம்பித்தார். முதல் படத்தின் ஜோக்கே அந்த விளையாட்டின் விதிகள் மாறியதைப் பற்றியதுதான். பகடை, புள்ளிகள், விதிமுறைகள் என்று விளையாடுபவர்கள் மட்டும் புரிந்து சிரிக்கும் நகைச்சுவை.

ஆறு பேர் கொண்ட குழு. தலைவன் ராய் என்ற வாள் வீரன். திருடி ஹேலி, குள்ளப் பூசாரி டர்கான், மந்திரவாதி வார்சூவியஸ், கொலைவெறி பிடித்த பெல்கர்... கடைசியாக ஈலன். ஈலன் ஒரு பாணன், கையில் ஒரு தந்தி வாத்தியம். அந்த விளையாட்டில் பாணன் என்றாலே ஒன்றுக்கும் உதவாதவன் என்று கேலி செய்வது வழக்கம். பர்லூ அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கினார். ஈலன் சண்டைக்கு நடுவே பாடுவான். கைப்பொம்மை ஒன்றைக் கடவுள் என்று சொல்லி ஆள் சேர்ப்பான். அவனுக்கு ஒரு கெட்ட இரட்டைச் சகோதரன், ஆட்டுத்தாடியோடு! ஈலன் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வரும் 'நேல்' என்பதுதான் அவன் பெயர்.

2005-ல் வந்த முதல் புத்தகத்தின் முடிவில், டொருகானின் கோட்டையைத் தகர்க்கும் மந்திரக் குறியை ஈலன் இயக்கிவிடுகிறான். கோட்டை வெடித்துச் சிதறுகிறது. முட்டாளுக்கு ஏற்ற முடிவு, நல்ல சிரிப்பு.

திருப்பம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து அஷூர் நகரத்து வீராங்கனை ஒருத்தி இந்தக் குழுவைக் கைது செய்கிறாள். கடவுள்களையே கொல்லக்கூடிய ஸ்னார்ல் என்ற மிருகத்தை அடைத்து வைத்திருக்கும் ஐந்து வாயில்களில் ஒன்று அந்தக் கோட்டையில் இருந்ததாம். அது உடைந்ததால் உலகமே பலவீனமாகிவிட்டது என்பது குற்றச்சாட்டு. வாசகர் சிரித்துவிட்டு மறந்த ஜோக், வழக்காகத் திரும்பி வருகிறது!

பர்லூ கடைசிவரை கடைப்பிடித்த முறை இது. ஈலனை அவர் திடீரென்று அறிவாளி ஆக்கவில்லை. பழைய ஜோக்குகள் ஒவ்வொன்றையும் கணக்கில் எழுதி வைத்து, பின்னால் வட்டியோடு வசூலித்தார்.

இரண்டாவது உதாரணம். கொள்ளைக்காரர்கள் ஈலனைப் பிடித்துப் போகிறார்கள். தொல்லை விட்டது என்று ராய் நடையைக் கட்டுகிறான். பிறகு மனம் உறுத்தி, திரும்பிப் போய் மீட்கிறான். பின்னால் அஷூர் நகரப் போரில் ராய் செத்து மேலுலகம் போனபோது, அவன் கணக்கைப் பார்க்கும் தேவதூதர் இந்தச் சம்பவத்தை எடுத்து வைத்துக் கேட்கிறார். நண்பனை எப்படி விட்டுவிட்டுப் போனாய்? அந்தக் கேள்வி ராய்க்கு மட்டுமா? ஈலன் தொலைந்தால் நல்லது என்று சிரித்த வாசகருக்கும்தான்.

மூன்றாவது, நேல். அவன் ஈலனைப் போல வேஷம் போட்டுக் குழுவில் நுழைந்துவிட, ஈலன் சிறைக்குப் போகிறான். தப்பி வந்தவனுக்கு ஹூலியோ என்ற வானக் கப்பல் தலைவன் வாள் வித்தை சொல்லித் தருகிறான். அதன் விதி வேடிக்கையானது: வெட்டும்போது சிலேடை ஒன்று சொன்னால் அடி பலமாக விழும்! அதே அசட்டுப் பேச்சு இப்போது ஆயுதம். அதோடு வந்துதான் ஹேலியைக் காப்பாற்றுகிறான்.

பிறகு சிரிப்பு குறைகிறது. ஈலனை விரும்பிய தெர்க்லா என்ற பெண்ணை, அவள் எஜமானன் குபோட்டா விஷம் வைத்துக் கொல்கிறான். ஈலன் அவனைப் பிடிக்கிறான், ஆனால் கொல்லவில்லை. விசாரணைக்குக் கொண்டு போக நினைக்கிறான். அங்கே வரும் வார்சூவியஸ், அலட்சியமாக ஒரு மந்திரத்தில் குபோட்டாவைத் தூளாக்குகிறது. ஈலன் அதிர்ந்து போகிறான். குழுவிலேயே பெரிய மூளைக்குத் தோன்றாத நியாயம் முட்டாளுக்குத் தோன்றுகிறது.

உச்சம், அப்பா டார்க்வின். தொலைந்த அப்பாவைக் கண்ட மகிழ்ச்சியில் ஈலன் குதிக்கிறான். அப்பாவோ ஒரு கொடுங்கோல் பேரரசின் தளபதி. மகனை வரவேற்க, தப்பி ஓடிய அடிமைகளை எரித்து, அந்த நெருப்பில் அவன் பெயரை எழுதிக் காட்டுகிறார். டார்க்வினுக்கும் மகனைப் போலவே கதைகளின் இலக்கணம் அத்துப்படி. கடைசியில் ஹீரோ வந்து தன்னைக் கொன்றாலும் பரவாயில்லை, அதுவரை ராஜவாழ்க்கை, அதன்பின் காவியப் புகழ் என்பது அவர் கணக்கு.

இந்தப் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், 2012-ல், அச்சில் தீர்ந்துபோன பழைய புத்தகங்களைத் திரும்ப அச்சடிக்க பர்லூ கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 57,750 டாலர் கேட்டார். வந்தது 12,54,120 டாலர்! இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் குச்சிப் படங்களுக்குக் கிட்டத்தட்ட 15,000 பேர் பணம் கொடுத்தார்கள்.

முடிவுக்கு வருவோம். டார்க்வின் தன் கையாலேயே நேலைக் கொல்கிறார். அடுத்து ராயையும் தீர்த்துவிட்டால் ஈலன்தான் இந்தக் கதையின் ஹீரோ என்பது அவர் திட்டம். பழிவாங்க மகன் வந்தே தீருவான், அப்பாவும் மகனும் மோதும் பெரிய முடிவு கிடைத்துவிடும். ஈலன் என்ன செய்கிறான்? அப்பாவைக் கொல்லவும் இல்லை, அவரிடம் தோற்கவும் இல்லை. அவரைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு, ஹூலியோவின் கப்பலில் நண்பர்களோடு போய்விடுகிறான். முடிவில்லாத கதையோடு கீழே நின்று அவர் கத்துகிறார்.

ஹீரோ பட்டம் காலடிக்கு வந்தபோது, ராய்தான் எங்கள் தலைவன், நான் காமெடி ஆள்தான் என்று இருந்துகொள்ள முடிந்தவன் ஈலன். அதற்குப் பிறகும் அவன் அசட்டு ஜோக் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் சொல்லும் ஆள் யார் என்று வாசகருக்கு இப்போது தெரியும்.