காட்டுக்குள் போகும் காடி திரும்பி வருமா? ஃபோர்வீல் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை எடுத்தவர், மலையில் காய்கறி போடுபவர், வார இறுதியில் ஆற்றோரம் கூடாரம் அடிக்கப் போகும் இளைஞர் என்று பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எந்த ஃபோர்வீல் நல்லது?” பட்டறையில் ஒரு பதில் வரும், காப்பிக் கடையில் வேறொரு பதில் வரும். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கும். ஆனால் பேசுகிறவர்கள் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் சொல்வதால் கேட்பவர் குழம்பிப்போகிறார். கையிலுள்ள காசைப் போட்டு வண்டி வாங்குமுன் இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

திறன் வேறு, நம்பகம் வேறு

ஆஸ்திரேலிய வண்டிப் பிரியர்களிடையே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. காட்டுக்குள் போக வேண்டுமென்றால் லேண்ட் ரோவரில் போ, திரும்பி வரவும் வேண்டுமென்றால் லேண்ட் குரூசரில் போ என்பார்கள். லேண்ட் ரோவர் 1948இல் அறிமுகமானது. தோட்டத்துத் துரைமார் அதை ஓட்டிப் போனதை நம் பெரியவர்களில் சிலர் பார்த்திருப்பார்கள். அந்த வண்டி ஏறாத மேடு குறைவு. ஆனால் கரடுமுரடான இடத்தைக் கடப்பது திறன். பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடுவது நம்பகம். ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. “இது நல்ல வண்டி” என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

ஃபோர்வீலும் ஆல்வீலும்

டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர் போன்ற பிக்கப்புகளின் ஃபோர்வீல் வகைகளில் பெரும்பாலும் ஓட்டுநர் தேவைப்படும்போதுதான் நான்கு சக்கரத்துக்கும் விசையைக் கொடுக்கிறார். ஆல்வீல் கார்களில் அந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். மழையில் வழுக்கும் தார்ச்சாலைக்கும் சாதாரண மண்சாலைக்கும் ஆல்வீல் போதும். 1998இல் வந்த பெரொடுவா கெம்பாராவில் நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும், ஆனால் லோ ரேஞ்ச் கிடையாது. சேறும் செங்குத்து ஏற்றமும் தினசரி வேலை என்றால் லோ ரேஞ்ச் உள்ள வண்டிதான் வேண்டும். எல்லா பிக்கப்பும் ஃபோர்வீல் அல்ல. பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகைகளும் விற்பனையில் உள்ளன.

டூ ஹை, ஃபோர் ஹை, ஃபோர் லோ

டூ ஹை என்பது தார்ச்சாலைக்கு. பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும்.

ஃபோர் ஹை என்பது சரளை, ஈரமண், லேசான சேற்றுக்கு. இந்த வகை பிக்கப்பைக் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் ஓட்டக்கூடாது. வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்றும். அந்த வித்தியாசத்துக்கு இடங்கொடுக்கும் பாகம் நடுவில் இல்லாததால் ஸ்டேரிங் கனக்கும், டயர் தேயும், கியர்பெட்டி பாழாகும்.

ஃபோர் லோ என்பது செங்குத்து ஏற்றம், ஆழமான சேறு, பாறை ஆகியவற்றுக்கு. வேகம் குறைந்து இழுவிசை கூடும். ஹைலக்ஸில் இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்த பிறகே மாற்றவேண்டும்.

டிஃப் லாக்

ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழல, மற்றது அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடிப்பில்லாத சக்கரம் வழியாகவே விசை வீணாவதுதான் காரணம். டிஃப் லாக் போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழலும். வெளியே வந்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் வண்டி வளைவில் திரும்ப அடம்பிடிக்கும்.

தண்ணீரில் இறங்குமுன்

ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீட்டர், ரேஞ்சருக்கு 800 மில்லிமீட்டர் ஆழம் வரை என்று தயாரிப்பாளர்கள் சொல்வது, மெதுவாகக் கடக்கும் நின்ற நீருக்கு. ஓடும் வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 30 சென்டிமீட்டர் வெள்ளம் சிறிய காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் பிக்கப்பையே இழுத்துச் செல்லும். ஸ்நோர்க்கல் குழாய் எஞ்சினுக்குக் காற்று தரும், வண்டி மிதப்பதைத் தடுக்காது. எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் கம்பிகளே வளைந்துவிடும். மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் வண்டியை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. சாதாரண முழுமைக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பை எடுத்திருக்கிறீர்களா என்று ரோட்டேக்ஸ் புதுப்பிக்கும்போதே பாருங்கள்.

எஞ்சின் பிரேக்கிங்

மலையிறக்கத்தில் ‘குனா கியர் ரெண்டா’ என்ற பலகை இருக்கும். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பாரம் ஏற்றிய பிக்கப்புக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆட்டோ கியர் வண்டியிலும் குறைந்த கியரைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. நியூட்ரலில் ஒருபோதும் இறங்காதீர்கள்.

பழைய வண்டி பார்க்கும்போது

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தோட்டத்தில் பத்தாண்டு உழைத்த நம்பகமான வண்டியும் கவனிப்பில்லை என்றால் தொல்லைதான்.

• ஃபோர் லோ உண்மையில் விழுகிறதா என்று மண்தரையில் ஓட்டிப் பாருங்கள்.
• சேஸியின் அடியில் துருவும், புதிதாகப் பூசிய கறுப்புச் சாயமும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.
• டிஃப் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.
• சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விசாரியுங்கள்.
• உதிரி பாகங்கள் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று பட்டறையில் முன்கூட்டியே கேளுங்கள்.

முடிவாக, உங்கள் பாதை எது என்பதை முதலில் தீர்மானியுங்கள். வாரம் முழுவதும் தார்ச்சாலை, மாதம் ஒருமுறை மண்சாலை என்றால் பெரிய ஃபோர்வீலுக்குக் கடன் கட்டத் தேவையில்லை. தினமும் சேற்றில் இறங்க வேண்டும் என்றால் பளபளக்கும் ஆல்வீல் கார் உதவாது. எந்த வண்டியாக இருந்தாலும், வெள்ளம் ஓடும் பாதையைக் கண்டால் திரும்பி வந்துவிடுபவர்தான் நல்ல ஓட்டுநர்.