சைக்கிளுக்கும் குரூப் பார்க்கணும்

கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க.

ஒரு பழைய ரேஸ் சைக்கிள் கைக்கு வருது. பெயின்ட் உரிஞ்சிருக்கு, ஸ்டிக்கர் பாதி இல்ல, பிரேக் ஒரு ஊரு, கியர் வேற ஊரு. இது எந்த நாட்டுச் சைக்கிள்? எது கூடவே பிறந்த பாகம், எது நடுவுல வந்து சேர்ந்தது? பழைய சைக்கிளை அந்தக் காலத்துப் பாகங்களோடவே மீட்டெடுக்கிறவங்க முதல்ல இதைத்தான் கேட்பாங்க. நாங்க ஹிஸ்டரி எடுக்கிற மாதிரியேதான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கேஸ்: பிரான்ஸ் நாட்டு பியூஜோ பி.எக்ஸ்-10.

ஆமாங்க, அதே பியூஜோதான். கார், சைக்கிள், மிளகு அரைக்கிற மில் எல்லாத்துக்கும் ஒரே சிங்க முத்திரை. 1966ல 20 வயசு எடி மெர்க்ஸ் மிலான்–சான் ரெமோ பந்தயத்துல ஜெயிச்சது பியூஜோ அணிக்காகத்தான். 1967 ஜூலை 13, மோன் வான்டூ மலையேத்தத்துல சுருண்டு விழுந்து இறந்த டாம் சிம்ப்சனும் அதே அணிக்காரர். அந்த வருஷம் டூர் நாட்டு அணிகளா நடந்ததால பிரிட்டனுக்காக ஓடிக்கிட்டிருந்தார். கடும் வெயில், உடம்புல ஆம்ஃபெட்டமின். அதுக்குத் தனி இழையே போடலாம், இப்ப வேணாம்.

அந்த அணியோட பேர் பரவின காலத்துல கடையில காசு கொடுத்து வாங்கக்கூடிய ரேஸ் சைக்கிள் பி.எக்ஸ்-10. 1970களோட தொடக்கத்துல அமெரிக்காவுல சைக்கிள் மோகம் உச்சத்துக்குப் போனப்ப அங்கேயும் நிறைய போச்சு. அதனாலதான் இன்னைக்கும் பழைய கொட்டகைகள்ல கிடைக்குது.

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி? ஸ்டிக்கரை நம்பக்கூடாது, புதுசா அச்சடிச்சு விக்கிறாங்க. பாகங்களையும் முழுசா நம்பக்கூடாது, அதெல்லாம் மாறும். நம்ப வேண்டியது வெர்னியரை. சீட்டுக்குக் கீழ இருக்கிற குழாயோட வெளி விட்டத்தை அளந்தா, ஆங்கிலேய ஃப்ரேம்ல 28.6 மி.மீ. வரும். அது ஒன்றே கால் அரைக்கால் எல்லாம் பார்க்கிற அங்குலக் கணக்கு, ஒன்றேகால் இல்ல, ஒன்னு அரைக்கால் அங்குலம். பிரெஞ்சு ஃப்ரேம்ல முழுசா 28. மெட்ரிக் முறையைப் பெத்த நாடு, அங்குலத்துக்கு எப்படி இறங்கி வரும்? இத்தனைக்கும் பி.எக்ஸ்-10 குழாய் இங்கிலாந்தோட ரெனால்ட்ஸ் 531 எஃகு. பர்மிங்காம் கம்பெனி பிரெஞ்சுக்காரனுக்காக மெட்ரிக் அளவுல தனியா இழுத்துக் கொடுத்தது.

அடுத்தது மரை. பெடல் அச்சு சுத்துறதுக்கு ஃப்ரேமோட அடியில ரெண்டு பக்கமும் கப் திருகியிருக்கும். ஆங்கிலேய, இத்தாலிய, பிரெஞ்சு மரை மூணும் வேற வேற. இங்கிலீஷ்ல செயின் பக்கத்துக் கப்புக்கு எதிர் மரை. பெடல் போடப் போட, சுத்தி வர்ற பாரம் அந்தக் கப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கழட்டப் பார்க்கும், அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. பிரெஞ்சுல 35 மி.மீ., ரெண்டு பக்கமும் நேர் மரை. இத்தாலியில 36, அதுவும் ரெண்டு பக்கமும் நேர். இதுல ஸ்விஸ்னு நாலாவது ஒண்ணு உண்டு: பிரெஞ்சோட அதே 35, ஆனா செயின் பக்கம் மட்டும் எதிர் மரை. குரூப் பொருந்திடுச்சுன்னு நினைக்கும்போது ஆர்ஹெச் மாறி நிக்கிற மாதிரி.

ரத்தத்தைப் போலவே, இங்கேயும் பொருந்தாததைப் பலவந்தமா ஏத்தினா சேதம்தான். பிரெஞ்சு கப் கிடைக்கலைன்னு 35ஐ 36ஆ வெட்டி இத்தாலி மரை போடுறவங்க உண்டு. வண்டி ஓடும். ஆனா வெட்டின எஃகு திரும்ப வராது.

இப்ப வில்லன் என்ட்ரி. செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ளுற கருவி டிரெய்லியர். பி.எக்ஸ்-10க்கு அதைக் கொடுத்தது டிஜோன் நகரத்து சிம்ப்ளெக்ஸ். 1960களோட தொடக்கத்துல அவங்க உலோகத்தை விட்டுட்டு அப்போ புதுசா வந்த டெல்ரின் பிளாஸ்டிக்குக்கு மாறினாங்க. எடை குறைவு, துருப்பிடிக்காது. வருஷம் ஆக ஆக விரிசல்.

எனக்கு இந்தப் பேரைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. 1969ல வந்த பியோர்க்–ஷைலி செயற்கை இதய வால்வோட முதல் தட்டும் டெல்ரின்தான்! ஆட்டோகிளேவ் நீராவியில ஈரம் உறிஞ்சி ஊதுதுன்னு ரெண்டே வருஷத்துல கார்பனுக்கு மாத்தினாங்க.

சைக்கிள்காரங்களும் மாத்தினாங்க. கையில கிடைச்சது ஜப்பானோட சன்டூர். 1964ல அவங்க காப்புரிமை எடுத்த சாய்வான அமைப்பு, பல்சக்கரங்களோட சரிவுக்கு இணையா நகரும். விலை மலிவு, வேலை சுத்தம். 1984ல காப்புரிமை முடிஞ்சதும் மத்தவங்களும் அதையே எடுத்துக்கிட்டாங்க.

ஆனா சிம்ப்ளெக்ஸ் தொங்குற கொக்கியில மரையே கிடையாது, வெறும் ஓட்டை. சன்டூர் மாட்டணும்னா அதுல 10 மி.மீ. மரை வெட்டணும், ஓரத்தை அரத்தால ராவி ஒரு தடை உண்டாக்கணும். அதாவது ஃப்ரேம்ல ஒரு ஆபரேஷன் தழும்பு.

சண்டை இங்கதான். கேட்டலாக் பக்தர்கள் அந்தத் தழும்பை வெல்டு வச்சு மூடி, பழைய டெல்ரினைத் தேடி மாட்டி, மேல புது வெள்ளை பெயின்ட் அடிச்சு நிறுத்துவாங்க. பார்க்க 1971 ஷோரூம். என் கட்சி வேற. 1975ல ஒருத்தர் உடைஞ்ச கியரைக் கழட்டி சன்டூர் போட்டு அடுத்த இருபது வருஷம் ஓட்டியிருந்தா, அந்தச் சன்டூரும் அந்தக் காலத்துப் பாகம்தானே? ஃபேக்டரியில இருந்தது சில வாரம், ரோட்டுல இருந்ததுதான் மொத்த ஆயுசு. போன வருஷம் யாரோ மாட்டின மலை சைக்கிள் ஹேண்டில்பாரைத் தாராளமா தூக்கி எறியுங்க. தழும்பை விட்டுடுங்க. பழைய பெயின்ட்டையும், துரு தின்னலைன்னா, விட்டுடுங்க.

கடைசியா, நிஜமாவே யாராவது கையில ஒண்ணு வச்சிருந்தா: கிராங்க்கைக் கழட்ட அவசரப்படாதீங்க. சாதாரண புல்லரோட மரை 22 மி.மீ. பி.எக்ஸ்-10ல இருக்கிற ஸ்ட்ராங்லைட் கிராங்க்குக்கு 23.35. சின்னது உள்ள போன மாதிரி பிடிக்கும், இழுக்கிறப்ப அலுமினிய மரையை வழிச்சுக்கிட்டு வந்துடும். சரியான புல்லர் வர்ற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும்.