எந்தப் படத்தைக் காப்பது?

எங்கள் நல்லூரிலிருந்து விருத்தாசலம் போகும்போதெல்லாம் பீங்கான் பட்டறைகளின் பின்புறம் கிடக்கும் குவியல்களைப் பார்ப்பது என் வழக்கம். விரிசல் விட்ட பொம்மைகள், கைப்பிடி உடைந்த கோப்பைகள், கோணலாகிப்போன பியூஸ் கட்டைகள். எல்லாம் யாருக்கும் வேண்டாதவை. ஆனால் 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி வெந்த அந்தக் களிமண் இனி எளிதில் அழியாது. ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு தொல்லியலாளர் இங்கே தோண்டினால், நாம் எதில் தேநீர் குடித்தோம், எந்தப் பொம்மையைக் கொலுவில் வைத்தோம் என்று சொல்லிவிடுவார். ஊர் நடுவே விருத்தகிரீசுவரர் கோயில் இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில் அது. அங்கே கல்லில் வெட்டிய எழுத்தை இன்றும் விரலால் தடவிப் படிக்கலாம்.

இதே வட்டாரத்தில் நம் பாட்டன்மார் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்கள் எங்கே? நூறாண்டுகூட ஆகவில்லை. அவற்றில் பெரும்பகுதி இன்று உலகில் எங்குமே இல்லை. உடைந்த கோப்பைக்கு உள்ள ஆயுள் ஒரு திரைப்படத்துக்கு இல்லாமற்போனது ஏன்? எஞ்சியவற்றுள் எவற்றைக் காப்பது என்பதை முடிவு செய்பவர் யார்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பின்னியவை.

முதலில் பொருளைப் பார்ப்போம். திரைப்படச் சுருள் என்பது ஓர் ஒளிபுகும் நாடா. அதன்மேல் ஜெலட்டின் பூச்சு; பூச்சுக்குள் வெள்ளி உப்புகள். ஒளி பட்டு, இரசாயனத்தில் கழுவப்பட்டபின், கறுப்பு-வெள்ளைப் படத்தில் நாம் காணும் உருவம் முழுவதும் நுண்ணிய வெள்ளித் துகள்களே. நாடாவோ, 1950-களின் தொடக்கம் வரை பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. அது வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறிலேயே வைத்திருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். நன்கு சிதைந்துபோன சுருள் 40 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெப்பத்திலேயே தானாகத் தீப்பற்றக்கூடும். அக்கினி நட்சத்திரத்தில் விருத்தாசலத்தின் வெயில் எவ்வளவு என்பதை இவ்வூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தீப்பிடிக்காவிட்டாலும் நைட்ரேட் சும்மா இராது. மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, சிதைவை மேலும் விரைவாக்கும். உருவம் மங்கும், பின் சுருள் பிசுபிசுக்கும், நுரைக்கும், இறுதியில் பழுப்புத் தூளாகும். பிறகு வந்த அசிட்டேட் நாடா தீப்பற்றுவது அரிது. ஆயினும் அதற்கும் ஒரு நோய் உண்டு. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அசிட்டிக் அமிலம் வெளிப்பட்டு, டப்பாவைத் திறந்தவுடன் காடி நெடி அடிக்கும். 21 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் புதிய அசிட்டேட் சுருள் ஏறத்தாழ 40, 50 ஆண்டுகளில் இந்நோய்க்கு ஆளாகும். சென்னையின் புழுக்கத்தில் அதற்கு முன்பே. வண்ணப் படத்தில் வெள்ளிக்குப் பதில் சாயங்களே உருவத்தைத் தாங்குகின்றன. அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடுவதால், பழைய பிரதிகள் செந்நிறமாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இயற்கையைவிட மனிதனே அதிகம் அழித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடி முடிந்த படத்துக்கு அந்நாளில் மதிப்பு இல்லை. அதிலிருந்த வெள்ளிக்கு மதிப்பு இருந்தது. சுருள்களை எடை போட்டு விற்றனர். வெள்ளியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய நாடா வளையல் போன்ற பொருள்களுக்குப் போயிற்று. ஒரு நடிகையின் முகம் யாரோ ஒருத்தியின் கைவளையாக முடிந்தது என்பது கதையல்ல.

தமிழ்நாட்டின் இழப்பைப் பாருங்கள். மோட்டார் வண்டி உதிரிப்பாக வணிகரான ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அது வெளிவந்த ஆண்டு 1917 என்பாரும் உண்டு, 1918 என்பாரும் உண்டு. இப்போது அதில் ஓரடி நீளம்கூட இல்லை. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' எச்.எம். ரெட்டி இயக்கத்தில், டி.பி. ராஜலக்ஷ்மி நடிப்பில் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. அதுவும் இல்லை. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வுக்கும் அதே கதி. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்கள் 1,300-க்கு மேல். முழுதாகவோ துண்டாகவோ இன்று கிடைப்பவை சில பத்துகளே. பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'வில் முதல் சுருளும் கடைசிச் சுருளும் உள்ளன. அவைகூட 1913-இல் எடுத்தவை அல்ல, 1917-இல் அவர் மீண்டும் எடுத்த படத்தைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

தற்செயல் காத்தவை

அப்படியானால் எஞ்சியவை எப்படி எஞ்சின? யாராவது தேர்ந்தெடுத்துக் காத்தார்களா? இல்லை. இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. சி.வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள நாவலைக் கொண்டு 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் 1933-இல் வந்தது. ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கினார். நாவலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் நிறுத்தப்பட்டு, சுருள் அவர்கள் வசம் சேர்ந்தது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் அடுத்த 40 ஆண்டுகள் அந்தச் சுருள் ஒரு புத்தகக் கடையில் கிடந்து, 1974-இல் புனே காப்பகத்துக்கு வந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து, கீறி, வெள்ளிக்கு விலைபோயிருக்கும். தென்னிந்திய மௌனப் படம் என்று சொல்லி இன்று நாம் போட்டுப் பார்க்க ஒரு படம் இருக்கிறதென்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியது ஒரு பதிப்புரிமை வழக்குக்கு!

இன்னொன்று நம் ஏ.கே. செட்டியாரின் படம். 1937-இல் காந்தி பிறந்த நாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. காந்தியடிகளைப் பற்றி உலகில் எங்கெங்கோ எடுக்கப்பட்ட படத்துண்டுகளைத் தேடிப் பல நாடுகளில் அலைந்தார். சேர்ந்தது 50,000 அடி. அதைச் சுருக்கித் தமிழ் விளக்கவுரையுடன் 1940-இல் வெளியிட்டார். போர்க்காலம், ஆங்கில ஆட்சி, படத்தைப் பாதுகாப்பதே பெரும்பாடாயிற்று. பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடியபோது, 2006-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்குக் கிடைத்தது 1953-இல் அங்கே தயாரிக்கப்பட்ட ஆங்கிலச் சுருக்கம். தமிழன் தமிழில் செய்ததன் சாயல் கடல் கடந்து ஒரு நூலக அலமாரியில் இருந்தது.

தேர்வு என்னும் சிக்கல்

1964 பிப்ரவரியில் இந்திய அரசு புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தை நிறுவியது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் பி.கே. நாயர். நாசிக்கில் பால்கேயின் குடும்பத்தாரிடமிருந்து 'காளிய மர்தனம்' படத்தின் துண்டுகளைப் பெற்று ஒழுங்குபடுத்தியவர் அவரே. 1991-இல் அவர் ஓய்வு பெற்றபோது காப்பகத்தில் ஏறத்தாழ 12,000 படங்கள் இருந்தன. அவற்றுள் 8,000 இந்தியப் படங்கள்.

காப்பகத்துக்கு எந்தப் படங்கள் வர வேண்டும் என்பதற்குச் சில அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. தேசிய, மாநில விருது பெற்றவை, திரைப்பட விழாக்களில் இடம்பெற்றவை, வசூலில் வென்றவை, புகழ்பெற்ற இலக்கியங்களைத் தழுவியவை, செய்திப் படங்களிலும் ஆவணப் படங்களிலும் சில. படிக்கும்போது நியாயமாகவே தோன்றும். சற்று உரசிப் பாருங்கள். தேசியத் திரைப்பட விருதுகள் 1953-ஆம் ஆண்டின் படங்களுக்கே முதன்முதலாக வழங்கப்பட்டன. அதற்கு முந்திய தமிழ்ப் படங்கள் எந்த விருதைக் காட்டும்? கே. சுப்பிரமணியத்தின் 'தியாகபூமி' 1939-இல் வந்து, அடுத்த ஆண்டு ஆங்கில அரசால் தடைசெய்யப்பட்ட படம். அது பெற்ற விருது அந்தத் தடைதான். நல்ல வேளையாக அதன் பிரதி காப்பகத்தில் உண்டு.

நாயர் இதை நன்கு உணர்ந்திருந்தார். படத்தின் தரத்தைக் காப்பாளன் தீர்ப்பளிக்கலாகாது, கிடைத்ததையெல்லாம் சேர்க்க வேண்டும் என்பது அவர் நிலை. அமெரிக்கர் வேறு வழியில் சென்றனர். பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கணிப்பொறியால் வண்ணம் பூசுவதை எதிர்த்து எழுந்த குரலின் விளைவாக 1988-இல் ஒரு சட்டம் இயற்றினர். அதன்படி ஆண்டுதோறும் 25 படங்கள் தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன. பண்பாடு, வரலாறு, அழகியல் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் முக்கியத்துவம் வேண்டும். வெளிவந்து 10 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். தனியார் வீட்டில் எடுத்த படங்களும், பள்ளிக்கூடத்துக்கென எடுத்த பாடப் படங்களும்கூட அப்பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் இத்தகைய தேர்வு பெரிய அளவில் நடந்தது அண்மையில்தான். தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் ஒதுக்கியதாக 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. படங்களைத் தேர்ந்தெடுக்க மொழிவாரிக் குழுக்கள் அமைந்தன. அவற்றில் இயக்குநர்களும் வரலாற்றாசிரியர்களும் இருந்தனர். நம் வெற்றிமாறனும் அவர்களுள் ஒருவர். வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்கு 16.5 லட்சம் ரூபாய். இவ்வளவு ஏன் என்கிறீர்களா? 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படக்கட்டங்கள். 15,000 அடிப் படத்தில் 2,40,000 கட்டங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, ஒளிவருடி, கீறலை நீக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பத்து நொடி என்றாலும் 660 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே புதுப்பிப்பதற்குத் தேர்வு தவிர்க்க முடியாதது. பணம் அளவோடு உள்ளது. படம் பல ஆயிரம். ஆனால் புதுப்பிப்பது வேறு, அழியாமல் வைத்திருப்பது வேறு. குளிர்ந்த, உலர்ந்த அறையில் அடுக்கி வைக்க ஒரு படத்துக்கு 16.5 லட்சம் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டால், பட்டியலில் இல்லாத படத்துக்கு அலமாரியிலும் இடம் இல்லாமற்போகும். என் அச்சம் அதுதான். 1935-இல் ஒரு குழுவைக் கூட்டிப் 'பாதுகாக்கத்தக்க தமிழ்ப் படங்கள் பத்து' கேட்டிருந்தால், அவர்கள் சொல்லியிருப்பவை புராணப் படங்களாகவே இருந்திருக்கும். இன்று ஆய்வாளர் அதே படங்களில் தேடுவதோ வேறு: 1953-இல் நின்றுபோன சென்னை டிராம் வண்டி எந்தக் காட்சியின் ஓரத்திலாவது தெரிகிறதா, கடைத்தெருப் பெண்கள் எப்படிச் சேலை கட்டியிருந்தனர், நாடக மேடைத் தமிழ் எப்போது பேச்சுத் தமிழாக இளகியது. இவற்றை எந்தக் குழுவும் முன்கூட்டி அறிய முடியாது.

ஒதுக்கிடத்தையும் தீ விடுவதில்லை. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு ஒன்று எரிந்து, பழம்படங்கள் பல சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி வைப்பதன் ஆபத்து அன்று வெளிப்பட்டது. நூல்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். திரைப்படம் அச்சட்டத்துக்குள் வராது.

படமே போனபின்னும் அதைப் பற்றி நாம் ஓரளவு அறிவது பாட்டுப் புத்தகங்களால். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற, கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் கொண்ட மெல்லிய தாள்கள் அவை. கற்றவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பொருட்படுத்தினார். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் இத்தகைய துண்டுப் பிரசுரங்களுமே 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. ஏ.கே. செட்டியாரும் அதே கோட்டையூர்க்காரர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

டூரிங் கொட்டகைகள் நடந்த ஊர்களில், பழைய வீட்டுப் பரண்களில் இன்னும் தகர டப்பாக்கள் கிடக்கக்கூடும். வாசகர் எவர் கண்ணிலாவது ஒன்று பட்டால் சில எச்சரிக்கைகள். 16 மில்லிமீட்டர் சுருளாயின் பெரும்பாலும் தீ அபாயம் இல்லை. 35 மில்லிமீட்டராக இருந்து, 1950-களுக்கு முந்தியதாகத் தோன்றினால் விளக்கு, பீடி, அடுப்பு எதையும் அருகே கொண்டுபோகாதீர்கள். நைட்ரேட்டா என்று அறிய ஒரு துண்டை வெட்டிக் கொளுத்திப் பார்க்கவே கூடாது. ஒட்டிக்கொண்ட சுருளைப் பிரிக்க முயல வேண்டாம். நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்துவிட்டுக் காப்பகத்துக்கு எழுதுங்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்குத் தாளையும் கிழித்துவிடாதீர்கள். படத்தின் பெயர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.